பத்துக்குக் கீழே

பத்தா, ஒன்றா. பரங்கிமலையில் இறங்கி, படியேறி, எதிர் நடைமேடைக்கு ஓடி, செங்கல்பட்டு வண்டியில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாயிற்று, மூச்சு இன்னும் அடங்கவில்லை, பத்தா ஒன்றா என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாம்பலத்தில் பல் டாக்டர் பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். வேர் சிகிச்சையின் இரண்டாவது நாள். பாதி குடைந்து பஞ்சு வைத்து அடைத்த பல்லோடு பாதி வழியில் வீடு திரும்புகிற பைத்தியம் இந்த வண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரவில்லை என்று டாக்டருக்குச் சொல்லக்கூட இல்லை, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மணி பத்து ஐந்து. கூடுவாஞ்சேரிக்கு நாற்பது நிமிஷம், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷம், லேப்டாப் திறக்க இரண்டு. பதினொரு மணிக்கு அறிக்கை போய்விடும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம், வியாழக்கிழமை பதினொன்று ஆனால் தானே போகும், நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், அப்படி எழுதிவைத்துவிட்டுப் பெருமையாகக் காப்பி குடித்தவள் நான்தான். செவ்வாய்க்கிழமை அந்த எண்ணை ஒன்றாக மாற்றினேன், அது நிச்சயம். திரும்பப் பத்தாக்கினேனா? கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவில் நிற்பவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கும், பூட்டித்தான் இருக்கும். கை தன்னால் செய்திருக்கும். என் கையும் தன்னால் செய்திருக்கும். ஆனால் செய்த ஞாபகம் இல்லை. எவ்வளவு தோண்டினாலும் செவ்வாய்க்கிழமை மதியத்தில் வெண்டைக்காய்ப் பொரியல் இருக்கிறது, கரண்ட் போய் வந்தது இருக்கிறது, பல் வலிக்க ஆரம்பித்தது இருக்கிறது, பத்து என்று தட்டியது மட்டும் இல்லை.

நாற்பத்திரண்டு பேரும் என்னைப்போலத் தனியாக உட்கார்ந்து பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள் செய்கிறவர்கள். ஒருவர் தமிழில் தட்டச்சு செய்ய, ஒருவர் விளம்பரத்தை மறைக்க, ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட. நூறு பேர் சேர்த்துக்கொண்டால் ஒரு மாதம் கழித்து முப்பது பேர் மிஞ்சுகிறார்கள், அது நல்லதா மோசமா என்று தனியாளுக்கு எப்படித் தெரியும். அடுத்தவனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்தால்தானே. அதற்காகத்தான் நானும் பெஞ்சமின் அண்ணாச்சியும் இந்த ஒப்பீட்டு அறிக்கையை ஆரம்பித்தோம். எல்லோரும் எண்ணிக்கையை மட்டும் எங்களுக்கு அனுப்புவார்கள், நாங்கள் சேர்த்துக் கூட்டி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவோம். பயன்படுத்துகிறவர் பெயர் கிடையாது, எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பது கிடையாது. என்ன வகை, எந்த ஊர், எத்தனை பேர், எந்த மணிக்கு அதிகம், அவ்வளவுதான். அதிலும் ஒரு விதி. ஓர் ஊரில் பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்த ஊருக்குத் தனி வரி கிடையாது, 'பிற ஊர்கள்' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடும். ஒற்றை ஆளை யாரும் பொறுக்கி எடுக்கக் கூடாது. அந்தப் பத்தைத்தான் ஒன்றாக்கினேன். புது அட்டவணையைச் சோதித்துப் பார்க்க நான் ஒருத்தி மட்டும் இருக்கிற பொய்க் கணக்கு ஒன்று வைத்திருந்தேன், என் வரியே தெரியவில்லை, தெரியட்டும் என்று ஒன்றாக்கினேன். இரண்டு நிமிஷ வேலை. பல் விண்விண் என்கிறது. பழவந்தாங்கல் தாண்டிவிட்டது போலிருக்கிறது, கவனிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் கடிதம் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருப்பேன். போனால் போகிறது, அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்றிருப்பேன். மார்ச் மாதம் வந்தது. பெயர் இல்லை. மேடம், உங்கள் ஆழாக்கை நான்கு மாதமாக வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தது. ஆழாக்கு நான் செய்த எக்ஸ்டென்ஷன். பார்வைக்குச் சமையல் அளவு சொல்லும், படி, ஆழாக்கு, கப், கிராம், யார் திறந்து பார்த்தாலும் அதுதான். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் படித்துக்கொண்டிருக்கிற பக்கம் மறைந்து வத்தக்குழம்பு செய்முறை வந்து நிற்கும், பார்த்த சுவடு எதுவும் தங்காது. அலுவலகத்தில் வேலை நேரத்தில் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு என்று விளையாட்டாகச் செய்தேன், நிஜம் அதுதான். அவள் எழுதினாள், என் வீட்டுக்காரரும் உங்களைப் போல எக்ஸ்டென்ஷன் செய்கிறவர்தான், என் போன், மெயில், நான் எதைத் தேடினேன் எல்லாவற்றையும் பார்ப்பார், ஆழாக்கை மட்டும் சமையலுக்கு என்று விட்டுவிட்டார். தினமும் மூன்று மணிக்கு ஷட்டில் விளையாடப் போவார், மூன்று நாற்பதுக்கு வந்துவிடுவார், ஞாயிறு மட்டும் போகமாட்டார். அந்த நாற்பது நிமிஷத்தில் குரூப் ஃபோருக்குப் படிக்கிறேன். தேர்ச்சி ஆகி வேலை கிடைத்தால் நானும் என் பெண்ணும் போய்விடுவோம். போன வருஷம் வேறு ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டது தெரிந்து இடது கை ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தது. உங்கள் பக்கத்தில் 'யாருக்கும் எதுவும் தெரியாது' என்று போட்டிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கிறேன். பதில் எழுதாதீர்கள், இந்த மெயில் கணக்கை இப்போதே அழித்துவிடுவேன். அவ்வளவுதான் கடிதம். நானும் அழித்துவிட்டேன். ஆனால் பாழாய்ப்போன மனசு, எனக்குப் பாடமாகிவிட்டது.

அழித்துவிட்டுச் சும்மா இருந்தேனா. அன்று சாயங்காலமே கூட்டாத கணக்கைத் திறந்தேன், அது எனக்கு மட்டும் தெரியும் கணக்கு, அதைக்கூடக் காரணமில்லாமல் பார்க்கக் கூடாது என்பதும் என் விதிதான். ஆழாக்கு எங்கள் கணக்கில் மறைப்பான் வகை, அந்தப் பொத்தானை அழுத்துகிற மணி பதிவாகும். தேடினேன், ஒரே ஆள், மூன்று மணி, ஞாயிறு இல்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தமிழ்நாடு முழுவதிலும் ஒரே ஒரு ஊர்தான் அப்படி இருந்தது. ஆற்றங்கரை ஊர் என்று வைத்துக்கொள்கிறேன், பெயரை மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, சொன்னால் வாயில் வந்துவிடும், வாயில் வந்தால் காற்றில் போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது என்றால், தன் ஊர்ப் பெயரைப் பார்க்கிறவனுக்கு, அதன் எதிரே மறைப்பான், ஒருவர், மூன்று மணி என்று பார்க்கிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும். தான் மட்டையோடு வாசல் தாண்டுகிற மணியல்லவா அது. எக்ஸ்டென்ஷன் செய்கிறவன் என்றாளே, அப்படியென்றால் எங்கள் நாற்பத்திரண்டில் ஒருவனாக இருக்கலாம் அல்லவா. இல்லாமலும் இருக்கலாம். தமிழில் எக்ஸ்டென்ஷன் செய்கிறவர்கள் மொத்தமே எத்தனை பேர். பல்லாவரம்.

பெஞ்சமின் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நாகர்கோவிலில் இருக்கிறார், முன்பு ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "சொல்லு ஆவுடை, பல்லைப் புடுங்கியாச்சா?" என்றார். அறிக்கையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "எனக்க கிட்ட சாவி இல்லல்லா. நீதான போன மாசம் வாங்கிட்ட." ஆமாம், நான்தான். இரண்டு பேரிடம் சாவி இருந்தால் இரண்டு ஓட்டை என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லி வாங்கினேன். அதுவும் போதாதென்று வீட்டு லேப்டாப்பைத் தவிர வேறெதிலிருந்தும் திறக்க முடியாதபடி செய்தேன். இப்போது வீடு பூட்டியிருக்கிறது, என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஷிப்டில், கையில் இருக்கிற போன் பேசவும் மெயில் பார்க்கவும் மட்டும்தான். "என்னத்துக்கு நிறுத்தணும்? தப்பா வந்துட்டா?" என்றார். பத்துக்குக் கீழே இருப்பது தெரிந்துவிடும் போலிருக்கிறது அண்ணாச்சி என்றேன். "சரி, குரூப்புல ஒரு மெசேஜ் போடட்டா? இந்த வாரம் வாரதைத் தொறக்காதீங்கன்னு?" வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது, எதிர் சீட்டில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். திறக்காதீர்கள் என்று சொன்னால் முதலில் திறக்கிறவன் அவனாகத்தான் இருப்பான் என்றேன். "எவன்?" என்றார் அண்ணாச்சி. அவரிடம்கூட அந்தக் கடிதத்தைச் சொன்னதில்லை, சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

"எவன்மா அது, வீட்டுக்காரரா?" பக்கத்தில் இருக்கிற அம்மா. மடியில் துண்டு விரித்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருக்கிறார், பல்லாவரத்தில் ஏறினார், அதற்குள் பாதிப் பை முடிந்துவிட்டது. இல்லைம்மா, ஆபீஸ் விஷயம் என்றேன். "ஆபீஸ் விஷயத்துக்கா இப்படி வேர்க்குது?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன், குளிர்ந்த தண்ணீர் குடைந்த பல்லில் பட்டு உயிர் போயிற்று. "என் போனை என் மருமகன் தினம் வாங்கி நோண்டுவாரு. யார்கிட்ட பேசுனே, எவ்ளோ நேரம் பேசுனேன்னு. பாத்துட்டுப் போறாருன்னு விட்டுட்டேன். நம்ம கிட்ட என்னா இருக்கு மறைக்க." சொல்லிவிட்டு ஒரு பூச்சிக்காயை ஜன்னல் வழியே எறிந்தார். அவர் விட்டுவிட்டார். விடாதவளுக்குக் கை உடைகிறது. அந்த அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், நார் நறுக்கென்று பிரிகிறது, இடது கை எலும்பு என்றால் எங்கே, மணிக்கட்டா, முழங்கைக்குக் கீழேயா, எதனால் அடித்திருப்பான், மாவுக்கட்டோடு எப்படிப் பெண்ணுக்குத் தலை வாரியிருப்பாள். வேண்டாம், இதை நினைக்க வேண்டாம், தாம்பரம் வரட்டும்.

மாதம் ஒரு தடவை வீடியோவில் கூடுவோம். நாற்பத்திரண்டு சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லோரும் மரியாதையான ஆட்கள். கேமராவை அணைத்தே வைத்திருக்கிறவர் ஒருவர், பின்னால் எப்போதும் முருகன் காலண்டர் தெரிகிறவர் ஒருவர், பேசும் முன் தொண்டையைச் செருமிக்கொண்டு வணக்கம் சொல்கிறவர் ஒருவர். போன மாதம் ஒருவன் கேட்டான், ஏன் மேடம் பத்துக்குக் கீழே மறைக்கிறீங்க, முழுசாத் தெரிஞ்சா எங்களுக்குப் பிரயோஜனம்தானே என்று, அன்று ராத்திரி முழுக்க அவன்தான் என்று நினைத்தேன், பிறகு யாரோ அவனை இன்னும் கல்யாணம் ஆகலையா என்று கேலி செய்தார்கள். அப்படியென்றால் அவனுக்கு மறுமொழி சொன்னாரே நமச்சிவாயம், அது தப்பு தம்பி, ஒருத்தர் அந்தரங்கம் நமக்கு எதுக்கு, மேடம் செய்யறதுதான் சரி என்று, அத்தனை பேரும் கை தட்டினார்களே, அவரா. அவ்வளவு அழகாகப் பேசுகிறவர் வீட்டில் கை ஓங்குவாரா. ஓங்கமாட்டார் என்று எந்தச் சட்டம் சொல்கிறது. யார் எந்த ஊர் என்று தெரிந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், ஆனால் சேருகிறவர்களிடம் ஊர் கேட்பதில்லை. பெயரும் மெயிலும் போதும், மற்றது நமக்கு வேண்டாம் என்று படிவத்திலிருந்து ஊரை எடுத்தது யார், நான்தான். எங்கே கை வைத்தாலும் நான் போட்ட பூட்டுதான் இருக்கிறது. எல்லாம் பிறரைக் காக்க என்று போட்டது, இன்று எனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. முகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன், எல்லார் கையிலும் மட்டை இருக்கிறது, எல்லோரும் மூன்று மணிக்கு எழுந்து போகிறார்கள். இப்படியே போனால் அண்ணாச்சியைக்கூடச் சந்தேகப்படுவேன். தாம்பரத்தில் பாதிப் பெட்டி காலியாயிற்று. பத்து முப்பத்திரண்டு.

பெருங்களத்தூருக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று நிறுத்தியிருப்பான், தினமும் நடப்பதுதான். மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றுகிறது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிப் போகிறேன், முதலிலிருந்து. லேப்டாப் திறந்தேன், எண்ணை ஒன்றாக்கினேன், என் வரி தெரிந்தது, சரி என்று, கரண்ட் போய் வந்தது, அப்புறம், அப்புறம் போனில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். போனில் எப்படிப் பார்த்தேன்? மாதிரியை அனுப்பி. ஆமாம், மாதிரி. அட்டவணை சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்ல மூன்று பேர் முன்வந்திருந்தார்கள், அவர்களுக்கும் எனக்குமாக ஒரு மாதிரி அனுப்பினேன். அதில் என் பொய்க் கணக்கு ஒரு வரிதானே இருந்தது, அதில் என்ன பயம், ஒரு வரி. ஆனால் போனில் அதைக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கீழே வரைக்கும் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கடைசி வரைக்கும் தள்ளினேன். ஒரே ஒரு வரி இருக்கிற அட்டவணையைத் தள்ள என்ன இருக்கிறது. கட்டை விரலைப் பார்க்கிறேன். இது பொய் சொல்லாது. கரண்ட் போய் வந்ததே, பேட்டரி செத்த லேப்டாப் அணைந்து புதிதாகத் திறந்ததே, புதிதாகத் திறந்தால் பொய்க் கணக்கு போய் நிஜக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், மறுபடி மாற்ற வேண்டும், நான் மாற்றவில்லை. பதினொரு மணிக்குப் போகப் போகிறது என்று ஓடிவருகிறேன், இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டது. எக்ஸ்பிரஸ் ஜன்னலை அறைந்துகொண்டு போகிறது. அந்த அம்மா என் தோளைத் தொட்டு, "என்னம்மா, அழுவுறியா?" என்கிறார். பல்லும்மா என்றேன்.

மூன்று பேர் யார் யார். போனில் அந்த மாதிரி மெயில் இருக்கும், திறந்தால் தெரிந்துவிடும், திறக்கக் கை வரவில்லை. வண்டலூர், ஊரப்பாக்கம், திறக்கவில்லை. கண்ணால் பார்க்காத வரைக்கும் என் கட்டை விரல் தப்பாகச் சொல்லியிருக்கலாம். கூடுவாஞ்சேரியில் இறங்கும்போது அந்த அம்மா கிராம்பு வை, சரியாயிடும் என்று சொன்னது கேட்டது. ஆட்டோக்காரரிடம் சீக்கிரம் என்றேன், மேடத்துக்கு என்ன அவசரமோ என்று சிரித்துக்கொண்டே ஓட்டினார், லெவல் கிராசிங் திறந்திருந்தது. சாவி பையின் அடியில் கிடந்தது, கதவைத் திறக்கும்போது பத்து ஐம்பத்தைந்து. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் காலையில் குடித்த காப்பித் தம்ளர். திறந்தேன். ஒன்று. அப்படியே இருக்கிறது, ஒன்று. பத்து என்று தட்டினேன், சேமித்தேன், மூடித் திறந்து மறுபடி பார்த்தேன், பத்து. பதினொரு மணிக்கு அறிக்கை போயிற்று, சின்ன ஊர்கள் எல்லாம் மூட்டைக்குள். "வந்துட்டு ஆவுடை. எல்லாம் சரியா இருக்கு. நீ சும்மா பயந்துட்ட" என்று அண்ணாச்சி செய்தி அனுப்பினார். அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு செவ்வாய்க்கிழமை மாதிரியைத் திறந்தேன். நீளமாக இருந்தது. இருநூற்றுச் சொச்சம் வரி. பாதிக்குக் கீழே ஆற்றங்கரை ஊர், மறைப்பான், ஒருவர், மூன்று மணி. அனுப்பிய நேரம் மாலை நாலு இருபது. மூன்று பேரில் ஒருவர் நமச்சிவாயம், மற்ற இருவரோடு நான் சரியாகப் பேசியதுகூட இல்லை. யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று தெரியாது, மெயிலைத் திறந்தார்களா என்று வேவு பார்ப்பது நம் வழக்கமில்லை. மூவரையும் கூப்பிட்டு நீங்கள் எந்த ஊர் என்று கேட்டால் என்ன. கேட்ட நிமிஷத்தில் அவனுக்குப் புரியும், இதுவரை புரியாவிட்டாலும் புரியும். அவளுக்கு எழுத முகவரி இல்லை. ஆழாக்கு வழியாக அவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை காட்டலாம் என்றால், அவள் யார் என்று ஆழாக்குக்கும் தெரியாது. கடைசியாகக் கூட்டாத கணக்கைத் திறந்தேன், பார்க்கமாட்டேன் என்று சொன்ன கணக்கு. நவம்பரிலிருந்து ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல் ஒன்று. காய்ச்சல், பண்டிகை, மழை எதற்கும் விட்டதில்லை. திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று. நேற்று புதன்கிழமை எதுவும் இல்லை.

ஊருக்குப் போயிருப்பாள். பெண்ணுக்குப் பள்ளியில் ஏதாவது இருந்திருக்கும். அவன் நேற்று விளையாடப் போகாமல் இருந்திருப்பான், ஏன் போகாமல் இருந்தான். பல் டாக்டரிடமிருந்து போன் வருகிறது, எடுக்கவில்லை. மணி பதினொன்று இருபது, மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. உன் வரியை யாரும் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிவந்தேன், இப்போது அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். யார் பெற்ற பெண்ணோ, என்ன பெயரோ. இன்றைக்கு மூன்று மணிக்கு ஒரே ஒரு தடவை அந்தப் பொத்தானை அழுத்திவிடு, தாயே. ஒன்று என்று வந்தால் போதும்.